முக்கால் கப்

டொரண்டோவிலிருந்து சம்சுநிஹார் மச்சி கொடுத்தனுப்பிய
மேப்பிள் பாகுப் புட்டி
மூன்று ஜோடிக் காலுறைகளுக்குள் சுருண்டு
உடையாமல் கீழக்கரை வந்து சேர்ந்தது.
"சீனிக்குப் பதிலா இதை ஊத்து"
குரல் பதிவு அவ்வளவுதான்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.

ஒரு கப் சீனிக்கு ஒரு கப் பாகு.
முதல் கேக்
வற்றிய ஊருணிபோல நடுவில் குழிந்தது.
மாமனார் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு
அல்வா பதம் நல்லாருக்கு என்றார்.
பாகுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது
என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவதில் முக்கால் கப்.
பாலில் மூன்று மேசைக்கரண்டி குறைத்தேன்.
சோடா உப்பு சுண்டுவிரல் நகமளவு.
அடுப்பு நூற்று எண்பதில்.
விளிம்பு கறுத்தது, உள்ளே பச்சை மாவு.
சீனி மெல்லச் சிவக்கும்.
பாகுக்கு அந்த நிதானம் கிடையாது.
நூற்று அறுபத்தைந்துக்கு இறக்கி
அடுத்ததை உள்ளே வைத்தேன்.
பதினெட்டாவது நிமிடம் மின்சாரம் போனது.

அந்த மூன்றாவதைப் பற்றி நான் பேசுவதில்லை.

நான்காவது எழுந்து நின்றது.
நின்றபோது புட்டி காலி.
கடைசிச் சொட்டை விரலால் வழித்து நக்கினேன்:
கொஞ்சம் புகை, கொஞ்சம் நனைந்த கட்டை.
பனி இளகும் நாட்களில் மரத்தைத் துளைத்து
வாளி கட்டுவார்களாம்.
நாற்பது வாளி காய்ச்சினால் ஒரு வாளி தேறுமாம்.
மச்சி படம் அனுப்பி, கீழே
ஆச்சரியக்குறி நான்கு போட்டிருந்தாள்.
சாயல்குடிப் பக்கம் போய்வந்தவளுக்கு
ஒரு குறி போதும்.

நரிப்பையூர் தங்கபுஷ்பம்
செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருவாள்.
மடியில் ஓலைப்பெட்டி, உள்ளே கருப்பட்டி.
"இந்தத் தடவை சுண்ணாம்பு லேசாத் தூக்கலா இருக்கும்,
காப்பிக்குன்னா வேற தாரேன்."
கேக்குக்கு என்றேன்.
சிரித்தாள். விலையைக் குறைக்கவில்லை.

குழவியால் உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து
வெள்ளைத் துணியில் வடித்தேன்.
துணியில் நின்றவை:
மணல், பாளைச் செதில்,
ஒரு கட்டெறும்பின் முக்கால் உடம்பு.
கால் உடம்பைத் தேடவில்லை.
பாகை வற்றவிட்டு
மேப்பிள் இலை ஒட்டிய அதே புட்டியில் ஊற்றி வைத்தேன்.

அளவு மறுபடி ஆரம்பம்.
இது அதைவிடக் கெட்டி; பாலைக் குறைக்க வேண்டாம்.
சோடா உப்பைப் பாதியாக்கினேன்,
சுண்ணாம்பு மிச்ச வேலையைப் பார்க்கும் என்ற நம்பிக்கையில்.
நம்பிக்கை பலித்ததா, அடுப்பு இரக்கப்பட்டதா தெரியாது.
மேலே வெடிப்பு விழுந்தது,
உள்ளே பஞ்சு.
கூட ஒன்று தேனில் செய்தேன்.
வாடைக்காற்று வீசிய இரவில் அது வியர்த்து
டப்பா மூடியோடு ஒட்டிக்கொண்டது.
காலையில் எறும்புகள் எனக்கு முன்பே விழித்திருந்தன.

பெட்டிக்கு மேல் ஒட்ட
அச்சடிக்கக் கொடுத்தேன்: வெள்ளைச் சீனி சேர்க்காதது.
அச்சகத்துப் பையன் 'வெள்ளை' இடிக்கிறது
எடுத்துவிடவா என்றான்.
எடுக்காதே என்றேன்.

வியாழன் மாலை ஹாலிதா அழைத்தாள்.
"லாத்தா, இது சீனி இல்லாத கேக்தானே?
வாப்பாவுக்குச் சுகர் முந்நூறுக்குக் கிட்ட."
அறுநூற்றைம்பது ரூபாய்.
அதில் வெண்ணெய்க்கே இருநூறு போகும்.
ஆமாம் என்று சொல்லியிருந்தால்
அன்றைக்கு அழைப்பு முடிந்திருக்கும்.

"சீனி இருக்கு ஹாலிதா.
பனையிலேருந்து இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.
இறங்கினதும் நம்ம ரத்தத்துக்கு
எல்லாம் ஒரே சாதி."

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
மூன்றாவதுக்கு முன்னால் சொன்னாள்:
"சரி, ஒரு கிலோ வேணாம். அரைக் கிலோ.
பிள்ளைகளுக்கும் எனக்கும்.
வாப்பாவுக்கு ஒரு துண்டு,
மெல்லிசா, டாக்டர்ட்ட கேட்டுட்டு."

எவ்வளவு மெல்லிசு என்று
அவளும் சொல்லவில்லை.